டர்பிடிட்டி மீட்டரைக் காலிபரேஷனுக்குக் கொடுத்து 8,850 ரூபாய் போன கதை

கேன் வாட்டர் பிளாண்ட் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். நேற்று சாயங்காலம்தான் விஷயம் முழுசாகத் தெரிந்தது, வயிறு இன்னும் எரிகிறது. யாரிடம் கொடுக்கலாம், என்னென்ன பார்க்க வேண்டும் என்பதையெல்லாம் கடைசியில் விளக்கமாக எழுதுகிறேன்.

ஆடிட் நெருங்கிவிட்டது, தண்ணீரின் கலங்கலை அளக்கும் டர்பிடிட்டி மீட்டரின் காலிபரேஷன் (அளவு சரிபார்ப்பு) சான்றிதழ் காலாவதியாகியிருந்தது. கடைக்காரர்களின் நம்பரைப் பட்டியல் போடும் ஓர் ஆன்லைன் தளத்தில் தேடினேன். அரைமணி நேரத்தில் ஆறு பேர் கூப்பிட்டார்கள். அதில் பேச்சு மரியாதையாக இருந்தவரைப் பிடித்தேன். காலிபரேஷனும் புது பல்பும் சேர்த்து 7,500, ஜி.எஸ்.டி.யோடு 8,850. முழுசும் முன்பணம். லேப்களுக்கு அங்கீகாரம் தரும் தேசிய அமைப்பின் பெயரைச் சொல்லி, “என்.ஏ.பி.எல். சர்டிபிகேட் சார், கண்ணை மூடிட்டுக் குடுங்க” என்றார். மூடிக்கொண்டுதான் கொடுத்தேன்.

மீட்டரை எடுக்க பைக்கில் ஒரு பையன் வந்தான். உண்மையில் நான் ஏமாந்தது அவனிடம்தான். சட்டைப் பையிலிருந்து மெல்லிய துணியை எடுத்து, தண்ணீர் ஊற்றி மீட்டருக்குள் வைக்கும் கண்ணாடிக் குப்பியின் மேல் ஒரு சொட்டு சிலிகான் எண்ணெய் விட்டு, பூப்போலத் துடைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “கைரேகை பட்டாலே ரீடிங் ஏறிடும் சார்” என்றான். அது உண்மைதான். குப்பிக்குள் ஒளியைப் பாய்ச்சி, பக்கவாட்டில் 90 டிகிரியில் சிதறும் வெளிச்சத்தைத்தானே மீட்டர் அளக்கிறது, சின்னக் கீறல் கூடக் கணக்கைக் கெடுக்கும். இவ்வளவு தெரிந்தவன் ஏமாற்றுவானா என்று டீ வேறு வாங்கிக் கொடுத்தேன்.

நாலு நாளில் மீட்டர் பச்சை ஸ்டிக்கரோடு வந்தது. அன்றிலிருந்து, 3 என்.டி.யூ.வை (கலங்கலை அளக்கும் அலகு) தாண்டாத எங்கள் போர் தண்ணீர் 5 காட்டியது. ஆர்.ஓ. தண்ணீர் 0.3-லிருந்து 0.5-க்குப் போனது. குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500 சொல்லும் வரம்பே 1 என்பதால் பயந்துபோய் மணல் பில்டரைக் கழுவினோம், கார்ட்ரிட்ஜ் மாற்றினோம், ரெண்டு நாள் லோடு அனுப்பவில்லை. கடைசியில் எங்கள் கெமிஸ்ட் பொண்ணு தெரிந்த லேபிலிருந்து சீல் உடைக்காத 20 என்.டி.யூ. ஸ்டாண்டர்டு (கலங்கல் அளவு முன்பே தெரிந்த கரைசல்) வாங்கி வந்து வைத்தாள். மீட்டர் 33 என்றது. “அண்ணா, தப்பு தண்ணியில இல்ல.”

அப்புறம்தான் சான்றிதழை ஒழுங்காகப் படித்தேன். சீரியல் நம்பர் எங்கள் மீட்டருடையது இல்லை. காலிபரேஷன் தேதி, பையன் வந்து மீட்டரை எடுத்ததற்கு முந்தின நாள்! 8,850 ரூபாய்க்கு இந்தக் காகிதம்.

போன் போட்டேன். முதலில் “உங்க குப்பி கீறல் சார்”. அடுத்து “ஓனர் ஊர்ல இல்ல”. அப்புறம் “நாங்க கலெக்‌ஷன் மட்டும்தான், லேப் வேற ஆளு”. பையனைப் பிடித்துக் கேட்டால், “20 என்.டி.யூ. பாட்டில் எங்ககிட்டயே இருக்கு சார், ஆறு மாசமா அதுலதான் பாக்குறோம்” என்கிறான். ஸ்டாண்டர்டு தயாரிக்கும் 4000 என்.டி.யூ. பார்மசின் மூலக் கரைசல்தான் மாதக்கணக்கில் தாங்கும். அதைத் தண்ணீர் விட்டு 20-க்குக் கலக்கினால் அன்றன்றைக்கே செலவழிக்க வேண்டும், வைத்தால் துகள் அடியில் தங்கிவிடும். இறங்கிப்போன கரைசலை 20 என்று மீட்டருக்குச் சொல்லிக்கொடுத்தால், அது எல்லாத் தண்ணீரையும் கூட்டித்தான் காட்டும். 8,850 ரூபாயைத் திருப்பிக் கேட்ட அன்றே என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்கள்.

சரி, விளக்கமாக எழுதப் பொறுமை இல்லை. முன்பணம் கொடுக்காதீர்கள். என்.ஏ.பி.எல். என்று சொன்னால், அவர்களின் அங்கீகாரத்தில் டர்பிடிட்டி இருக்கிறதா என்று என்.ஏ.பி.எல். தளத்திலேயே பாருங்கள். சான்றிதழில் சீரியல் நம்பர், தேதி, ஸ்டாண்டர்டின் லாட் நம்பர், சரிசெய்வதற்கு முன்னும் பின்னும் எடுத்த ரீடிங், எல்லாம் இருக்க வேண்டும். சீல் உடைக்காத ஸ்டாண்டர்டு ஒன்று கையிருப்பில் வையுங்கள்.

இன்று காலை மனைவியின் போனிலிருந்து கூப்பிட்டேன். முதல் ரிங்கிலேயே எடுத்தார். “காலிபரேஷனா மேடம்? நாளைக்கே பையனை அனுப்புறேன்.”