ஓர் அங்குலத்துக்கு ஒரு மைல்: பழைய மட்டக்களப்பு வரைபடத் தாள்களின் அச்சுப் பிரதிகள்

மட்டக்களப்பு நகரில் கட்டிடப் படங்களை அச்சிட்டுக் கொடுக்கும் கடை ஒன்று, இப்போது பழைய அரச வரைபடங்களின் ஸ்கேன் கோப்புகளையும் பெரிய தாளில் அச்சிட்டுத் தருகிறது. நில அளவைத் திணைக்களம் வெளியிட்ட 'ஓர் அங்குலத்துக்கு ஒரு மைல்' இடவிளக்கப் படங்களில், மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கேயுள்ள எழுவான்கரையும் மேற்கேயுள்ள படுவான்கரையும் இன்றைய அம்பாறைப் பகுதியும் அடங்கிய தாள்களை உயர்தர வகுப்புப் புவியியல் மாணவர்களுக்காக அங்கே அச்சிட்டெடுத்தேன். வரைபடத்தின் தரமும் அச்சின் தரமும் வெவ்வேறு விடயங்கள் என்பதால் இரண்டையும் பிரித்தே மதிப்பிடுகிறேன்.

வரைபடத்தைப் பொறுத்தவரை எனக்கு எவ்விதத் தயக்கமும் இல்லை. நில அளவைத் திணைக்களம் 1800ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டபோதிலும், நாடு முழுவதையும் ஒரே அளவுத்திட்டத்தில் வரையும் இப்பணி 1897இல்தான் ஆரம்பமாகி 1924இல் நிறைவெய்தியது. 72 தாள்கள், அளவுத்திட்டம் 1:63,360. வான்படங்கள் இல்லாத அக்காலத்தில், நில அளவையாளர்கள் முக்காலியில் பொருத்திய மேசைப் பலகையைக் காட்டுக்குள்ளும் வயல்வெளிக்குள்ளும் சுமந்துசென்று, கண்ணால் பார்த்தவற்றை அந்த இடத்திலேயே தாளில் குறித்தார்கள். அவர்களுக்கு ஆதாரமாக இருந்தது அதற்கு முன்னரே அமைக்கப்பட்ட முக்கோண அளவை வலையமைப்பு. அவ்வலையமைப்புக்காக நிலத்தில் நேரடியாக அளக்கப்பட்ட அடிக்கோடுகளில் ஒன்று நீர்கொழும்பை அடுத்தும், மற்றொன்று மட்டக்களப்பை அடுத்தும் இருந்தன. மலையுச்சிக்கு மலையுச்சி கோணங்களை அளந்து கணக்கிட்டுக்கொண்டு வந்த தூரங்கள் சரிதானா என்று சோதிப்பதற்கு நமது சமதரையில் அளந்த கோடும் உதவியது என்பதை மாணவர்களிடம் சொல்லும்போது, வரைபடத்தை அவர்கள் பார்க்கும் பார்வையே மாறிவிடுகிறது.

இத்தாள்களில் நான் அதிக நேரம் செலவிட்டது கல்லோயா என்றும் அழைக்கப்படும் பட்டிப்பளை ஆற்றின் மேற்பகுதியில்தான். ஆற்றை மறித்து அணை கட்டிய கல்லோயாத் திட்டம் 1949இல் தொடங்குவதற்கு முன்னர் அளக்கப்பட்ட தாள் என்பதால், இன்று அதன் நீர்த்தேக்கமான சேனாநாயக்க சமுத்திரம் பரந்து கிடக்கும் இடத்தில் காடும், காட்டினூடே வளைந்து வரும் மெல்லிய நீலக் கோடும் மட்டுமே உள்ளன. அந்த நீலக் கோட்டை விரலால் தொடர்ந்து கிழக்கு நோக்கி வந்தால், இங்கினியாகலவில் இரு புறமும் கபில நிறச் சமவுயரக் கோடுகள் (ஒரே உயரத்திலுள்ள இடங்களை இணைக்கும் கோடுகள்) நெருங்கிவந்து ஆற்றுக்கு ஒரு குறுகிய வழியை மட்டும் விடுவதைக் காணலாம். அணைக்கட்டு அந்த இடத்தில் ஏன் அமைந்தது என்பதற்குப் பாடப்புத்தகத்தின் ஒரு பக்க விளக்கத்தைவிட அந்த இரண்டு அங்குல இடம் போதும். உள்ளங்கை நெல்லிக்கனியாக விளங்கிவிடும். அதே ஆற்றை அணைக்குக் கீழே தொடர்ந்தால், அம்பாறை, இறக்காமம் பக்கத்தில் குளங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. கல்லோயாத் திட்டத்துக்கு முன்னரே இந்த நிலத்தில் நீர்ப்பாசன வாழ்க்கை இருந்தது என்பதற்கு, பயன்பாட்டிலிருந்த குளங்கள் மட்டுமன்றி, கைவிடப்பட்ட குளங்கள் என்று தனியாகக் குறிக்கப்பட்டவையும் சாட்சி. காட்டுக்குள் புதைந்துபோன ஒரு பழைய அணைக்கட்டைக்கூட விடாமல் பதிவுசெய்த அந்த அளவையாளர்களின் நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன்.

கரையோரத்துக்கு வரும்போது வரைபடத்தின் வரம்பு வெளிப்படுகிறது. சமவுயரக் கோடுகள் 100 அடி இடைவெளியில் வரையப்பட்டிருப்பதால், வாவியின் இரு கரையிலும் தரையின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் கோடு எதுவும் இல்லை. வெள்ளம் எந்த வயலில் முதலில் ஏறும் என்பது போன்ற கேள்விக்கு இத்தாளில் விடை தேடுவது வீண். மாரிக்கு மாரி முகத்துவாரம் வெட்டப்படுவதும் பிறகு மணல் அதை மூடுவதுமாக இருக்கும் கரை என்பதால், ஆற்றுவாயை அளவையாளர் வந்துபோன பருவத்தின் தோற்றமாக மட்டுமே கொள்ள வேண்டும். ஊர்ப் பெயர்கள் ஆங்கில எழுத்தில் மட்டும் இருப்பதும், குடும்பிமலை 'பரன்ஸ் கப்' என்ற பெயரில் வழங்கியதும் இளையவர்களுக்குச் சிரமம் தரும். ஊரின் மூத்தவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசிப்பது நல்லது.

அச்சைப் பற்றிச் சொல்ல வேண்டியவை சற்றுக் கடுமையானவை. கடை முதலில் கொடுத்த பிரதியில் நிறங்கள் தெளிவாக இருந்தன, குளங்களின் நீலமும் சமவுயரக் கோடுகளின் கபிலமும் ஒன்றோடொன்று கலக்கவில்லை. ஆனால் தாளின் அகலத்துக்குப் பொருந்தும்படி படத்தைச் சுருக்கியதோடு, வெள்ளையாக இருக்கிறதென்று ஓரங்களையும் வெட்டிவிட்டார்கள். படத்தின் அடியில் தப்பியிருந்த அளவுகோட்டில் உருக்கு அடிமட்டத்தை வைத்துப் பார்த்தபோது, 5 அங்குலம் இருக்க வேண்டிய 5 மைல் கோடு 4½ அங்குலமே இருந்தது. இப்படிப்பட்ட பிரதியில் அடிமட்டம் வைத்து அளந்தால் 10 மைல் தூரம் 9 மைலாகிவிடும்; 100 ஏக்கர் குளம் 81 ஏக்கராகிவிடும். சுவரில் தொங்கவிடுவதற்கு அது போதும், படிப்பதற்குப் போதாது.

ஓரத்தை வெட்டியது அதைவிடப் பெரிய குறை. அளவை நடந்த ஆண்டு, திருத்தம் செய்த ஆண்டு, மீள அச்சிட்ட ஆண்டு ஆகியவை ஓரத்தில்தான் இருக்கும். அவை மூன்றும் வேறு வேறு ஆண்டுகளாக இருப்பது வழக்கம். அச்சிட்ட ஆண்டை மட்டும் பார்த்துவிட்டு, அந்த ஆண்டில் ஓர் ஊர் இருக்கவில்லை என்று வாதிடுபவர்களை நான் கண்டிருக்கிறேன். காணிப் பிரச்சினைகள் மலிந்த நமது மாவட்டங்களில் இத்தகைய வாதம் பாரதூரமானது. ஓரம் இல்லாத பிரதி ஏற்கெனவே கையில் இருந்தால், உள்ளே இருக்கும் சில அடையாளங்களைக்கொண்டு காலத்தை ஓரளவு கணிக்கலாம்: கல்லடிப் பாலம் 1924இல் திறக்கப்பட்டது, மட்டக்களப்புக்கு ரயில் பாதை 1928இல் வந்தது, அம்பாறை தனி மாவட்டமானது 1961இல். ரயில் பாதை இருந்தும் கல்லோயா நீர்த்தேக்கம் இல்லாத தாள், ஏறக்குறைய இருபது ஆண்டு இடைவெளிக்குள் அடங்கிவிடும். ஆயினும் இது மாற்று வழியே தவிர, ஓரத்துக்கு ஈடாகாது.

இவற்றை எடுத்துச் சொன்னபோது கடைக்காரர் முகம் சுளிக்காமல், சுருக்காமல் 100 வீத அளவில், ஓரங்களுடன் மறுபடி அச்சிட்டுத் தந்தார். தாளின் விலையை மட்டுமே வாங்கினார். அந்தப் பிரதியில் 5 மைல் கோடு சரியாக 5 அங்குலம் இருந்தது. பளபளப்பில்லாத தாளைக் கேட்டு வாங்குங்கள், பென்சிலால் குறிக்கவும் அழிக்கவும் முடியும். கறுப்பு வெள்ளையில் அச்சிட்டால் செலவு குறையும், ஆனால் சமவுயரக் கோடும் ஓடையும் ஒன்றாகிவிடுவதால் அதை எவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

பின்னர் வந்த 1:50,000 மெற்றிக் தொடருடன் ஒப்பிட விரும்புவோருக்கு ஓர் எச்சரிக்கை. அத்தொடரில் 92 தாள்கள் உள்ளன. அளவுத்திட்டமும் தாள் எல்லைகளும் வேறு என்பதால் ஒன்றின்மேல் ஒன்றை வைத்துப் பார்க்க முடியாது. ஓர் இடத்தைக் குறிக்கும் இலக்கங்களான ஆள்கூறுகளும் அவ்வாறே வேறுபடும். பழைய கட்டக்கோட்டு முறை பீதுருதாலகால மலையை மையமாக வைத்து அதற்கு 176,000 யார், அதாவது 100 மைல், என்று இலக்கம் கொடுத்தது. பின்னர் வந்த முறை அதே மையத்துக்கு 200,000 மீற்றர் என்றும், 1999ஆம் ஆண்டு முறை 500,000 மீற்றர் என்றும் கொடுத்தன. எந்த முறை என்று தெரியாமல் இலக்கங்களைக் கணினியில் இட்டால் வயல் கடலுக்குள் போய்விடும்.

ஆசிரியர்களுக்கும், ஊர் வரலாறு எழுதுபவர்களுக்கும், விவசாய அமைப்புகளுக்கும் இப்பிரதிகளை மனமாரப் பரிந்துரைக்கிறேன். கட்டிடப் படம் ஒன்றை அச்சிடும் கட்டணமே இதற்கும். பொத்துவில் பக்கத் தாளின் கோப்பு கடையில் இல்லை. வேண்டியவர்கள் கோப்பைப் பென்டிரைவில் கொண்டுவந்தால் அச்சிட்டுத் தருவதாகச் சொல்கிறார்கள்.