ஏடிசி உள்ளீட்டில் அந்த ± குறி: எதை எதனோடு இணைக்கலாம்?

மாடியில் சோலார் தகடு, கீழே இன்வெர்ட்டர் பேட்டரி. காரைக்குடிப் பக்கம் இப்படி ஒரு வீட்டில் எவ்வளவு கரண்ட் ஏறுகிறது, எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்க நினைப்பவர், 50 ஆம்பியருக்கு 75 மில்லிவோல்ட் தரும் ஷண்ட் (கரண்டைச் சிறு வோல்ட்டேஜாகக் காட்டும் ரெசிஸ்டர்) ஒன்றை வாங்கி பேட்டரியின் மைனஸ் கம்பியில் போடுவார். அதுவரை சிக்கல் இல்லை. அந்த 75 மில்லிவோல்ட்டை எந்த ஏடிசியில் (வோல்ட்டேஜை எண்ணாக மாற்றும் சிப்பில்) படிப்பது என்பதில்தான் குழப்பம். கையில் சுலபமாகக் கிடைப்பவை மூன்று: ஆர்டுயினோ ஊனோவுக்குள்ளேயே இருப்பது, ஏடிஎஸ்1115, தராசுக்காரர்களின் எச்எக்ஸ்711.

ஊனோவை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். 10 பிட் (1024 படிகள்), 5 வோல்ட் என்றால் ஒரு படி 4.88 மில்லிவோல்ட். இந்த ஷண்டில் அது மூன்று ஆம்பியருக்கு மேல். ஒரு மின்விசிறி ஓடுகிறதா நிற்கிறதா என்பதே தெரியாமல் போகலாம். கிரவுண்டை பேட்டரி மைனஸில் வைத்தால், சார்ஜ் ஏறும்போது ஷண்டின் மறுமுனை கிரவுண்டுக்குக் கீழே போகும். அதை இது பூஜ்யம் என்றே காட்டும்.

ஏடிஎஸ்1115-ல் இரண்டு முனைகளின் வித்தியாசத்தைப் படிக்கலாம். ±256 மில்லிவோல்ட் வீச்சில் ஒரு படி 7.8125 மைக்ரோவோல்ட், அதாவது சுமார் 5 மில்லியாம்பியர். கணக்கு அருமை. ஆனால் டேட்டாஷீட்டில் அந்த ± குறியைப் பார்த்துவிட்டு, முனையில் மைனஸ் வோல்ட்டேஜ் கொடுக்கலாம் என்று நினைப்பவர்கள் ஏராளம். அது வித்தியாசத்துக்கான எண் மட்டுமே. ஒவ்வொரு முனையும் தனித்தனியாக கிரவுண்டுக்கும் சப்ளைக்கும் இடையில்தான் இருக்க வேண்டும். இதே சிப்பில் ±6.144 வோல்ட் என்றும் ஒரு வீச்சு உண்டு, 3.3 வோல்ட் சப்ளையில் ஓடும் சிப்பின் முனையில் 6 வோல்ட் கொடுத்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

செட்டிநாட்டு வீட்டில் திண்ணைக்கும் முற்றத்துக்கும் எத்தனை படி என்பது ஒரு கேள்வி. முற்றம் தெருவைவிட எவ்வளவு உயரம் என்பது வேறு கேள்வி. ஏடிசியும் இரண்டையும் கேட்கிறது. முதலாவது வித்தியாச வீச்சு, இரண்டாவது காமன் மோடு, அதாவது இரு முனைகளின் சராசரி கிரவுண்டிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது.

இந்த இரண்டாவது கேள்வியில் எச்எக்ஸ்711 தோற்கிறது. கெயின் (பெருக்கம்) 128-ல் சுமார் ±20 மில்லிவோல்ட், 64-ல் ±40, பி சேனலில் 32-க்கு ±80. 75 மில்லிவோல்ட் பி சேனலில் அழகாக உட்காரும் என்று தோன்றும். உட்காராது. இரண்டு முனைகளும் குறைந்தது 1.2 வோல்ட்டிலாவது இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. மைனஸ் கம்பியில் உள்ள ஷண்டோ பூஜ்யத்தை ஒட்டிக் கிடக்கிறது. அதே சிப் பலகாரக் கடைத் தராசில் மணியாக வேலை செய்கிறது. 2 மில்லிவோல்ட்/வோல்ட் லோடு செல்லுக்கு (தராசின் எடை உணரிக்கு) 5 வோல்ட் கொடுத்தால் முழு எடைக்கு 10 மில்லிவோல்ட் வரும். இரு கம்பிகளும் 2.5 வோல்ட் அருகே மிதக்கும். எடைபோட இதைவிட மலிவாக வேறு தேட வேண்டாம்.

ஷண்டுக்கு என் தேர்வு ஏடிஎஸ்1115-தான், நடுவில் ஷண்டின் சிறு வோல்ட்டேஜைப் பெருக்கும் ஐஎன்ஏ240 ஆம்ப் ஒன்றை வைத்து. 20 மடங்கு கெயினில் ±75 மில்லிவோல்ட், ±1.5 வோல்ட்டாகும், அதை 2.5 வோல்ட்டைச் சுற்றி ஆட வைத்தால் வெளியீடு 1 முதல் 4 வோல்ட் வரை. அதை ஒரு முனையிலும், அந்த 2.5 வோல்ட்டை மறுமுனையிலும் கொடுத்து, சிப்புக்கு 5 வோல்ட் சப்ளையில் ±2.048 வீச்சில் படிக்கலாம். ஒரு முனை ஆடுகிறது, மறுமுனை அசையாமல் நிற்கிறது. மெதுவான சிக்னலுக்கு இதுவே தாராளம்.

மெதுவான என்பதைக் கவனிக்கவும். ஏடிஎஸ்1115 நொடிக்கு 860 சாம்பிள்தான், எச்எக்ஸ்711 அதிகபட்சம் 80. 1953-ல் சிக்ரி என்னும் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம் திறக்கப்பட்ட ஊர் காரைக்குடி. பேட்டரிக்குள் கிலோஹெர்ட்ஸ் சைன் அலை செலுத்தி இம்பீடன்ஸ் (ஏசிக்குக் காட்டும் தடை) பார்க்கும் ஆசை இங்கே யாருக்காவது வராமல் இருக்காது. அப்போது வேகமான சார் (SAR) வகை ஏடிசி வேண்டும். அவற்றில் பல முழு டிஃபரன்ஷியல் உள்ளீடு கொண்டவை, அதாவது இரு முனைகளும் எதிரெதிராக ஆட வேண்டியவை. ரெஃபரன்ஸ் (ஏடிசி ஒப்பிட்டுப் பார்க்கும் வோல்ட்டேஜ்) 5 வோல்ட் என்றால் வீச்சு ±5: ஒரு முனை 5, மற்றது 0 என்றால் +5, இடம் மாறினால் −5, இரண்டும் 2.5 என்றால் பூஜ்யம்.

இந்த ஏடிசியின் முனைகளுக்குச் சிக்னல் கொடுக்கவும் போட்டி வழிகள் உண்டு. டிரான்ஸ்ஃபார்மர் டிசியை விடாது, அதனால் இங்கே கழித்துவிடலாம். ஒரு முனையை 2.5-ல் நிறுத்தி மறுமுனையை மட்டும் ஆட்டினால் ±2.5 தான் கிடைக்கும். நாய்ஸ் அப்படியே இருக்க சிக்னல் பாதி, 6 டெசிபெல் நஷ்டம். இரு முனைகளின் சராசரியும் 1.25-லிருந்து 3.75 வரை அலையும். இந்த வகையில் பல ஏடிசிகள் சராசரி ரெஃபரன்ஸில் பாதியை ஒட்டியே இருக்க வேண்டும் என்று கேட்கும்.

டிஎச்எஸ்4551 போன்ற முழு டிஃபரன்ஷியல் ஆம்ப் இரு முனைகளையும் எதிரெதிராக ஆட்டி, சராசரியைத் தானே பிடித்து வைக்கும். ஆனால் 5 வோல்ட் சப்ளையில் அதன் வெளியீடு சரியாக 0-வையோ 5-ஐயோ தொடாது. ஒவ்வொரு முனையையும் 0.25 முதல் 4.75 வரை மட்டும் ஆட்டினால் ±4.5 வோல்ட், இழப்பு ஒரு டெசிபெல் கூட இல்லை. அந்தச் சிறு இழப்பை மீட்க மைனஸ் சப்ளை ஒன்று கட்டுவதைவிட அதை விட்டுவிடலாம் என்பது என் கட்சி.