கஷ்கர்காரர் வயிற்றை எந்தக் கோலால் அளப்பது?

மேற்குச் சீனாவின் சின்ஜியாங் பகுதியில் உள்ள கஷ்கர் நகரில் உய்குர் இனத்து ஆண் ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். உயரம் 170 செ.மீ., எடை 70 கிலோ, வயிற்றுச் சுற்றளவு 92 செ.மீ. எடையை (கிலோ) உயரத்தின் (மீட்டர்) வர்க்கத்தால் வகுக்கும் பி.எம்.ஐ. கணக்குப் போட்டால் 24.2 வரும். உலக சுகாதார நிறுவனத்தின் பொது வரம்பான 25-இன்படி அவர் எடை சரி. சீனா வைத்திருக்கும் 24-இன்படி கூடுதல். ஒரே ஆள், இரண்டு தீர்ப்பு.

வயிற்றை மட்டும் அளந்தால் தகராறு தீருமா? தீராது. சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு ஐரோப்பிய ஆண்களுக்கு 94 செ.மீ. என்றும், சீனருக்கும் தெற்காசியருக்கும் 90 என்றும் வரம்பு வகுத்திருக்கிறது. நம் கஷ்கர்காரரின் 92 சரியாக நடுவில் மாட்டிக்கொள்கிறது. உய்குர்களோ கிழக்காசிய வம்சாவளியும் மேற்கு யூரேசிய வம்சாவளியும் கலந்த மக்கள். எந்த வரிசையில் அவர்களை நிறுத்துவது?

பி.எம்.ஐ.யை ஒரேயடியாகத் தள்ளிவிட மாட்டேன். தராசும் சுவரில் ஓர் அளவுகோலும் போதும். ஒருவர் எடை ஆண்டுக்காண்டு எப்படிப் போகிறது என்று பார்க்க அது உதவும். ஆனால் ஆட்டுக்கறிப் புலாவும் 'நான்' ரொட்டியும் சேர்த்த கொழுப்பு தொடையில் இருக்கிறதா, குடலைச் சுற்றி இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வழிவிடுவது பெரும்பாலும் இரண்டாவதுதான்.

வயிற்றை இடுப்பால் வகுக்கும் விகிதத்துக்குப் பெரிய சிபாரிசு உண்டு. 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில், மாரடைப்போடு பி.எம்.ஐ.யைவிட இந்த விகிதமே நெருக்கமாகப் பொருந்தியது. நடைமுறையில்தான் சிக்கல். தமிழில் 'இடுப்பு' என்றால் சேலை செருகும் இடமா, அதற்குக் கீழே அகன்ற இடமா என்று நாமே குழம்புகிறோம். இங்கே கீழே உள்ளதுதான் கணக்கு. அந்த இடத்தில் முன்பின் தெரியாதவர் நாடா சுற்றுவதை எத்தனை பெண்கள் விரும்புவார்கள்? தவிர, ஒருவர் இளைக்கும்போது வயிறும் இடுப்பும் சேர்ந்தே குறைந்தால் விகிதம் அப்படியே நிற்கும். பாடுபட்டு இளைத்தவருக்கு இதைவிட எரிச்சல் வேறென்ன?

இடுப்பையும் உயரத்தையும் வைத்து உடல் கொழுப்பைக் கணிக்கும் சூத்திரம் ஒன்று 2011-இல் வந்தது. வயிற்றையே அளக்காத அதை இந்த வேலைக்கு நம்ப மாட்டேன்.

என் ஓட்டு வயிறு–உயர விகிதத்துக்கு. வயிறு உயரத்தில் பாதியைத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான். ஆணா பெண்ணா, ஐரோப்பியரா சீனரா என்று அது கேட்பதில்லை. இரு வரம்புகளுக்கும் இடையில் நிற்கும் ஒரு மக்களுக்கு இது சின்ன வசதி அல்ல. கஷ்கர்காரருக்குப் பாதி உயரம் 85. அவர் வயிறு 92. பேச்சுக்கே இடமில்லை.

நாடாவைப் பிடிக்கும் விதத்தில்தான் கோட்டை விடுகிறோம். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், கனத்த சட்டையை விலக்கி, இயல்பாக மூச்சு விட்ட பிறகு அளக்க வேண்டும். பெல்ட் கட்டும் இடத்தில் அளந்தால், தொப்பை அதன்மேல் வழிந்து நிற்க, எண் மட்டும் யோக்கியமாக வரும்.

கஷ்கர்காரருடைய மனைவியின் உயரம் 155 செ.மீ., வயிறு 79 என்று கொள்வோம். நீரிழிவுக் கூட்டமைப்பு பெண்களுக்கு வைத்த 80 செ.மீ. வரம்புக்குள் அடங்கிவிடுகிறார். பாதி உயரம் 77.5 என்பதால் விகிதம் அவரை விடவில்லை. நான் அவர்களைப் பார்க்கும் மருத்துவராக இருந்தால், கணவரோடு அவருக்கும் அன்றே ரத்த அழுத்தம் பார்த்து, சர்க்கரைக்கும் கொழுப்புக்கும் ரத்தம் எடுக்கச் சொல்வேன்.