வெட்டவெளியா, காட்சிக்கூடமா?

பழைய விமானத்தை எப்படிக் காட்சிக்கு வைப்பது? சென்னை கோட்டூர்புரம் பெரியார் அறிவியல் தொழில்நுட்ப மையத்தில் ஒரு மாருத் விமானம் வெட்டவெளியில் இருக்கிறது. 1961-ல் முதன்முதலாகப் பறந்த ரகம், ஜெர்மன் பொறியாளர் கர்ட் டாங்க் வடிவமைத்த இந்தியப் போர் ஜெட். இப்படித் திறந்தவெளியில் நிறுத்தினால் செலவு கம்மி. மூக்கிலிருந்து வால்வரை சுற்றிச்சுற்றிப் பார்க்கலாம், பிள்ளைகள் அண்ணாந்து வாய் பிளப்பார்கள். ஆனால் நம்மூர் உப்புக்காற்று சும்மா விடுமா? பெயிண்ட் உரிந்த இடத்தில், ரிவெட் ஓரமாக, அலுமினியம் வெள்ளைப் பொடியாகப் பூத்துவிடும்.

நியூசிலாந்தின் ஒமாகா அருங்காட்சியகம் வேறு வழி. அங்கே முழு அளவு விமானங்களைச் சுற்றி, பொம்மை மனிதர்களோடு ஒரு சம்பவத்தையே நிறுத்தியிருக்கிறார்கள்; காட்சிக்கூடம் என்று நான் சொல்வது இதைத்தான். 1918 ஏப்ரல் 21, முதல் உலகப் போரின் ஜெர்மன் விமானி ரிச்தோஃபன் (‘ரெட் பேரன்’) வீழ்ந்த நாள்: அவருடைய மூன்றடுக்கு இறக்கை ஃபாக்கர் விமானம் தரையில் கிடக்க, ஆஸ்திரேலிய வீரர்கள் ஞாபகார்த்தமாக அதன்மேல் போர்த்திய துணியை அறுத்துக்கொண்டிருக்கிறார்கள். பலகையில் பத்து வரி எழுதினாலும் இது வராது. குறை? நாம் நிற்க வேண்டிய இடத்தை அவர்களே தீர்மானித்துவிடுகிறார்கள். எந்திரம் பார்க்க வந்தவருக்கு எரிச்சல்தான். பொம்மை மனிதர்கள் சொதப்பினால் கொலு மாதிரி ஆகிவிடும் (கொலுவே தேவலை).

மாருத்துக்குக் கதை ஜோடனை வேண்டாம், ஒரு கூரை போதும். 1910-ல் மதராஸில் பறந்து காட்டிய ஹோட்டல்காரர் டி'ஏஞ்சலிஸின் விமானத்துக்கு மாதிரி செய்தால் மட்டும், வேடிக்கை பார்க்கும் கூட்டத்தோடு காட்சிக்கூடமாகவே வைக்கணும்.