ஆயில் ஹீட்டர்: எந்த அறைக்குச் சரி, எதற்கு வீண்

ஆயில் ஹீட்டர் என்பது உள்ளே அடைத்த எண்ணெயைக் கரண்டில் சூடாக்கி, வெளித் தகடுகள் வழியாக அறையை இதமாக்கும் கருவி. வீடு முழுக்கச் சூடேற்றும் வசதி இல்லாத இடத்தில், கதவைச் சாத்தித் தூங்கும் அறைக்கு இது நல்ல தேர்வு. குளியலறைக்கு வேண்டவே வேண்டாம். சூடு ஏறவே 20, 30 நிமிடம் பிடிக்கும். அதற்குள் குளித்தே முடித்துவிடலாம்.

கரண்ட் மிச்சமாகும் என்று சொல்லி விற்பார்கள், நம்ப வேண்டாம். 1000 வாட் என்றால் எந்த ஹீட்டரும் மணிக்கு ஒரு யூனிட்தான் இழுக்கும், தரும் சூடும் ஒன்றுதான். இதன் லாபம் வேறு: விசிறிச் சத்தமில்லை, கண்ணைக் கூச வைக்கும் வெளிச்சமில்லை, அணைத்த பிறகும் தகடுகளில் கொஞ்ச நேரம் சூடு நிற்கும். உள்ளே இருக்கும் எண்ணெய் எரிவதில்லை. மாற்றவோ நிரப்பவோ தேவையில்லை. கசிய ஆரம்பித்தால் மட்டும் தூக்கிப் போட்டுவிட வேண்டியதுதான்.

9 தகடா, 11 தகடா என்று ரொம்ப யோசிக்க வேண்டாம். வாட் ஒன்றாக இருந்தால் சூடும் ஒன்றே. தகடு கூடினால் பரப்பு கூடும், அதனால் தொட்டால் கொஞ்சம் குறைவாகச் சுடும், அவ்வளவே.

பெட்டி படுத்த நிலையில் வந்திருந்தால், நிமிர்த்தி வைத்துச் சில மணி நேரம் கழித்தே ஸ்விட்சைப் போடுங்கள். எண்ணெய் கீழே இறங்கிக் காயிலை மூடியிருக்க வேண்டும். முதல் தடவை பெயின்ட் வாடை வரும். ஜன்னலைத் திறந்துவைத்து ஓட விடுங்கள். டிக் டிக் என்ற சத்தம் இரும்பு விரிவதால் வருவது, கோளாறு அல்ல.

அதிகம் கெட்டுப்போவது ஹீட்டர் அல்ல, பிளக்தான். 230 வோல்ட்டில் 2500 வாட் கிட்டத்தட்ட 11 ஆம்பியர் இழுக்கும். கூடவே 400 வாட் ஃபேன் வைத்த மாடல் என்றால் 12.6. இதை 6 ஆம்பியர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகினால் உருகும். 16 ஆம்பியர் சாக்கெட்டிலும் பின் லூசாக இருந்தால் அதே கதிதான். அரை மணி நேரம் ஓடிய பின் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் சாக்கெட்டை மாற்றுங்கள்.

தெர்மோஸ்டாட்டை, அதாவது சூட்டைப் பார்த்துத் தானாகவே அணைத்துப் போடும் குமிழை, கடைசிவரை திருகி வைத்தால் அறை சீக்கிரம் சூடாகும் என்பது தப்புக் கணக்கு; ஏறும் வேகத்தைத் தீர்மானிப்பது வாட் ஸ்விட்ச். அறை இதமானதும் குமிழை மெல்லப் பின்னால் திருப்புங்கள். 'க்ளிக்' கேட்கும் இடத்தில் விட்டுவிடுங்கள், பிறகு அதுவே பார்த்துக்கொள்ளும்.

மேலே துணி காயப்போடக் கூடாது. சூடு அடைபட்டால் பாதுகாப்பு கட்-ஆஃப் விழும், தீப்பிடிக்கவும் வாய்ப்புண்டு. துணியின் ஈரமும் குளிர்ந்த சுவரில் போய்ப் படிந்து பூஞ்சையாகும்.

கதவிடுக்கு வழியாகக் காற்று புகும் அறையில் 2500 வாட்டும் போதாது. முதலில் ரப்பர் பட்டை ஒட்டுங்கள். படுக்கை மட்டும் இதமாக இருந்தால் போதும் என்பவர்களுக்கு சுமார் 100 வாட் மின்கம்பளமே மேல்.