ஸ்டோர் ரூம் கதவுக்குக் கார்டா, கைரேகையா, முகமா?

எங்கள் லேத் பட்டறையில் ஸ்டோர் ரூமுக்கு முகம் பார்த்துத் திறக்கும் கருவி மாட்டி எட்டு மாதம் ஆகிறது. காசு போட்டு வாங்கியவன் நான், கொஞ்சம் அந்தப் பக்கம் சாய்ந்துதான் பேசுவேன்.

கார்டு மலிவு, வேகம். ஆனால் ஒருவர் கார்டை இன்னொருவர் தேய்த்தாலும் கதவு திறக்கும். கார்பைடு டிப் (இரும்பைச் சீவும் விலை கூடிய வெட்டு முனை) வைத்திருக்கும் அறைக்கு அது சரிப்படாது.

கைரேகைக் கருவியை இரண்டு வருடம் வைத்திருந்தோம். ஆபீஸ் வேலைக்காரர்களுக்கு அது நன்றாகவே ஒத்துவரும். எங்கள் ஆட்களின் விரல்களிலோ இரும்பைக் கடையும்போது சூடு தணிக்க ஊற்றும் கூலன்டும் இரும்புத் தூளும் பட்டு ரேகையே தேய்ந்து கிடக்கிறது. மூத்த டர்னர் ஒருவருக்குப் பத்து விரலில் ஒன்றுகூடப் பிடிக்கவில்லை. ரேஷன் கடையில் வயதானவர்கள் படும் அதே பாடு. கடைசியில் அவருக்காகக் கதவிடுக்கில் கல்லை வைத்துத் திறந்தே விட ஆரம்பித்தார்கள். அப்புறம் பூட்டு எதற்கு?

முகக் கருவி வாங்குமுன் எனக்கும் சந்தேகம் இருந்தது. 2017இல் பிரிட்டனின் கார்டிஃப் நகரில் சாம்பியன்ஸ் லீக் கால்பந்து இறுதிப் போட்டியின்போது போலீஸ் வைத்த கேமரா, பட்டியலில் இருக்கும் ஆட்கள் என்று 2,470 முறை காட்டியது. அதில் 2,297 தவறு. இப்படிப்பட்டதை நம்பி எப்படிச் சாவியைக் கொடுப்பது? யோசித்தால், அங்கே நடந்தது வேறு வேலை. போகிற வருகிற ஒவ்வொருவரையும் பெரிய பட்டியல் முழுவதோடும் ஒப்பிட்டார்கள். ஒரு முகத்தில் பிழை வருவது அபூர்வமாக இருந்தாலும், கூட்டம் ஆயிரக்கணக்கில் போனால் தவறுகள் குவியும். தேடப்படுபவரோ அந்தக் கூட்டத்தில் ஒன்றிரண்டு பேர்தான். எங்கள் கதவில் பதிந்திருப்பது 22 முகம். வருகிறவரும் நேராக நின்று, கண்ணைத் திறந்து, தானே முகத்தைக் காட்டுகிறார். இந்த அளவுக்கு அது தாராளமாகப் போதும். தெருக்கூட்டத்தில் குற்றவாளியைப் பிடிக்க இதே நுட்பத்தை நம்பச் சொன்னால் மாட்டேன்.

வாங்கும்போது ஒரு சோதனை கட்டாயம் செய்யுங்கள். கடையில் காட்டிய மலிவான மாடல் ஒன்று, செல்போனில் இருந்த என் போட்டோவைக் காட்டியதும் திறந்துவிட்டது. அகச்சிவப்புக் கேமரா உள்ள மாடல் ஏமாறவில்லை. விலை கூடுதல்தான், ஆனால் அது இல்லாமல் வாங்குவதற்குக் கார்டே மேல்.

பராமரிப்பு என்று பார்த்தால், சாயங்கால வெயில் நேரே லென்ஸில் அடித்துத் தகராறு செய்தது. மேலே ஒரு தகரம் அடித்ததும் சரியானது. சபரிமலைக்கு மாலை போட்டுத் தாடி வளர்த்தவரிடம் ஒரு வாரம் தடுமாறியது, மறுபடி பதிந்தோம். ஐந்து வருடம் தாங்குமா என்பதை நான் சொல்ல முடியாது.

தொலைந்த கார்டை ரத்து செய்யலாம். முகப் பதிவு வெளியே கசிந்தால், முகத்தை மாற்ற வழியில்லை. அதனால் கருவியை இன்டர்நெட்டோடு இணைக்கவில்லை, வேலையை விட்டுப் போகிறவர் பதிவை அன்றைக்கே அழிக்கிறோம். முகம் தர விருப்பமில்லை என்ற ஒருவருக்கு, அதே கருவியில் வேலை செய்யும் கார்டு கொடுத்திருக்கிறேன்.