சான்ட்ரோ சைலன்சரும் சிலிண்டர் இல்லாத மிக் மெஷினும்

கேஸ் சிலிண்டர் இல்லாமல் ஓடும் சின்ன மிக் வெல்டிங் மெஷின் ஒன்று வாங்கினேன், ராடுக்குப் பதில் சுருளிலிருந்து வயரைத் தானாகத் தள்ளும் வகை. அதில் செய்த முதல் உருப்படியான வேலை எங்கள் பழைய சான்ட்ரோ ஜிங் காரின் பின் சைலன்சர். பழைய வெல்டை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாக அடித்தேன். மெஷின் நன்றாக இருக்கிறது, ஆனால் அதோடு பெட்டியில் வந்த சாமான்கள் குப்பை. கம்பெனிப் பெயரை வேண்டுமென்றேதான் எழுதவில்லை. 140 ஆம்ப் என்று முகப்பில் போட்ட இதே மாதிரிப் பெட்டி கடையில் நாலைந்து பெயர்களில் இருந்தது. நிறத்தைத் தவிர எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. பத்தாயிரத்துக்குக் கொஞ்சம் கீழே ஆனது.

அப்பா பல்லாவரத்தில் கிரில் பட்டறை வைத்திருந்தவர். ராடு பிடித்து வெல்டிங் அடிக்க ஸ்கூல் படிக்கும்போதே கற்றுக்கொண்டேன். ஆனால் ஜன்னல் கிரில் வேறு, சைலன்சர் பைப் வேறு. பைப்பின் தகடு புதிதாக இருக்கும்போதே 1.2, 1.5 மில்லிமீட்டர்தான் வரும். துருப்பிடித்த பிறகு அதுவும் இருக்காது. 2.5 ராடை வைத்தால் ஓட்டை விழும், கரென்டைக் குறைத்தால் ராடு போய் ஒட்டிக்கொள்ளும்.

முன்பு ஒரு பட்டறையில் அடித்திருந்த வெல்டு அதற்கு நல்ல சாட்சி. பைப் சைலன்சருக்குள் நுழையும் இடத்தில் கட்டி கட்டியாக இரும்பு. கட்டி கெட்டியாக இருந்தது, அதை ஒட்டின பைப்பில்தான் சுற்றுவட்டமாக விரிசல். காலையில் ஸ்டார்ட் செய்தால் கடகடவென்று சத்தம், டிக்கிப் பக்கம் புகை நெடி. நெடியாவது மூக்குக்குத் தெரியும். கூடவே வரும் கார்பன் மோனாக்சைடு தெரியாது. அதனால்தான் இதைத் தள்ளிப்போட மனசு வரவில்லை.

மெஷினைப் பெட்டியிலிருந்து எடுத்ததும் கதவைத் திறந்து பார்க்க வேண்டியது போலாரிட்டி, அதாவது எது பாசிட்டிவ், எது நெகட்டிவ் என்பது. எனக்கு வந்தது கேஸ் வைத்து அடிப்பதற்கு ஏற்றபடி, வயர் வெளியே வரும் கைப்பிடியான கன் பாசிட்டிவில் இருந்தது. கேஸுக்குப் பதிலாக உள்ளே மருந்து வைத்த ஃப்ளக்ஸ் கோர் வயருக்கு அது நேர்மாறு. கன் நெகட்டிவ், எர்த் கிளாம்ப் பாசிட்டிவ். மாற்றுவது இரண்டு நிமிட வேலைதான். ஆனால் கையேட்டில் இது கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது. மாற்றாமல் அடித்துவிட்டு, "பொறி தெறிக்குது, வெல்டு பிடிக்கல" என்று மெஷினைத் திட்டுகிறவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

அடுத்தது வயரைத் தள்ளும் ரோலர். கூட வந்தது வழுவழுப்பான வி வெட்டு. ஃப்ளக்ஸ் வயர் உள்ளே குழாய் மாதிரி, இறுக்கினால் நசுங்கும், தளர்த்தினால் வழுக்கும். பல் வெட்டின ரோலரைத் தனியாக வாங்கிப் போட்டேன். இருநூறு சொச்சம்தான். இதைப் பெட்டியிலேயே வைத்திருந்தால் என்ன? எர்த் கிளாம்ப் தகரம். ஒரு மணி நேரத்தில் கொதித்தது, அதையும் மாற்றினேன். இலவசமாகக் கொடுத்த கையுறைக்குள் என் இரண்டு கையும் சேர்த்துப் போகும், ஹெல்மெட் பட்டையைக் கடைசித் துளைவரை இறுக்கியும் மூக்கில் வந்து நிற்கிறது. பெண்கள் யாரும் வெல்டிங் அடிக்க மாட்டார்கள் என்ற முடிவோடுதான் தயாரிக்கிறார்கள் போல. பழைய ஹெல்மெட்டையே போட்டுக்கொண்டேன். ஷேடு 10 கண்ணாடி இந்த வேலைக்குப் போதும்.

இனி சைலன்சர். வண்டியை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டு வைத்தாயிற்று. பெட்ரோல் டேங்க் பக்கத்தில் இருக்கிறது என்பதால் வண்டியிலேயே வைத்து அடிப்பதில்லை என்று முதலிலேயே முடிவு. பைப்பின் மேல் நீளவாக்கில் கோடு கீறிவிட்டு, போல்ட்டுகளுக்குத் துரு எண்ணெய் அடித்து ஊறவிட்டுக் கழற்றினேன். ஏஜி ஃபோர் கிரைண்டரில் 1 மில்லிமீட்டர் கட்டிங் வீல் போட்டு, பழைய கட்டியோடு இரண்டு பக்கமும் நல்ல தகடு தெரிகிறவரை வெட்டினேன். வெட்டின வாயைப் பார்த்தால் உள்பக்கம் துரு செதில் செதிலாக உரிகிறது. பெட்ரோல் எரியும்போது தண்ணீரும் உண்டாகும். பக்கத்துத் தெருவுக்கும் மார்க்கெட்டுக்குமே ஓடுகிற வண்டியில் சைலன்சர் நன்றாகச் சூடேறாது, அந்தத் தண்ணீர் உள்ளேயே தங்கி அரிக்கும். எங்கள் வண்டி ஓடுவது அப்படித்தான்.

தகடு மெலிந்துபோனதால் முனையோடு முனை வைக்கவில்லை. மேலே செருகுகிற அளவில், 2 மில்லிமீட்டர் கனமுள்ள சாதாரண இரும்புக் குழாய்த் துண்டு வாங்கினேன். கடையில் ஜிஐ பைப்பைத்தான் முதலில் நீட்டினார்கள், வேண்டாம் என்றேன். துத்தநாகப் பூச்சு சூட்டில் புகையாகும், அதை மூச்சில் இழுத்தால் ராத்திரி குளிரும் காய்ச்சலும்தான். அதே காரணத்தால் பைப்பைத் துடைக்க பிரேக் கிளீனரும் எடுக்கவில்லை. அதில் சிலவற்றில் குளோரின் கலந்திருக்கும், வெல்டிங் ஆர்க் பட்டால் ஃபாஸ்ஜீன் என்ற விஷவாயு வரும். ஃப்ளாப் டிஸ்க்கும் கம்பி பிரஷ்ஷும் போதும்.

துண்டைச் செருகி, மறுபடி வண்டியில் மாட்டி, கோடு நேராக இருக்கிறதா, அடிப்பாகத்தில் எங்கும் இடிக்கவில்லையா என்று பார்த்து யு கிளாம்ப் போட்டு இறுக்கிவிட்டு, கிளாம்ப்போடு கீழே இறக்கினேன். அதற்குள் அப்பா நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"ராடு பிடிச்ச கைக்கு இது எதுக்கும்மா?"

"தகடு ஒண்ணரை எம்எம் கூட இல்லப்பா. நீங்களே பாருங்க."

"கரென்ட் எவ்ளோ வெச்சிருக்க?"

"அம்பதுகிட்ட."

"சரி, அடி. சத்தத்தக் கேக்குறேன்."

வயர் வேகம் அதிகமானால் கன் கையைப் பின்னால் தள்ளும், குறைந்தால் வயர் எரிந்து டிப்பிலேயே ஒட்டும். நடுவில் ஒரே சீரான சர்ர் சத்தம் வரும் இடம் ஒன்று உண்டு. 0.8 மில்லிமீட்டர் வயருக்கு மெஷின் தானாக வைத்த அளவிலிருந்து வேகத்தைக் கொஞ்சம் குறைத்ததும் அது கிடைத்தது. அப்பா தலையாட்டினார். எதிரெதிராக நாலு இடத்தில் டேக், அதாவது நகராமல் இருக்கச் சின்னப் புள்ளி வெல்டு, பிறகு சின்னச் சின்னத் துண்டாக, கன்னை இழுத்தபடி, ஆர்க்கைக் கனமான குழாய்ப் பக்கமே காட்டி அடித்தேன். ஒவ்வொரு துண்டுக்கும் பிறகு மேலே படியும் ஸ்லாக் கசடைத் தட்டி பிரஷ் போட வேண்டும். அலுப்பான வேலைதான், விட்டால் அடுத்த வெல்டுக்குள் ஊசித்துளை விழும். ஓட்டை எதுவும் விழவில்லை. இந்தத் தகட்டில் ராடு வைத்து இதைச் செய்ய எனக்கு வராது, அப்பாவுக்கு வரும்.

அழகு என்று பார்த்தால் சுமார். கேஸ் மிக்கில் வரும் வழவழப்பு இதில் வராது, சுற்றிலும் பொறித் துணுக்குகள். சைலன்சரை யார் குனிந்து பார்க்கப் போகிறார்கள்?

மாட்டும்போது தொங்கு ரப்பர்கள் எல்லாவற்றையும் புதிதாகப் போட்டேன். பழையவற்றில் ஒன்று அறுந்தே இருந்தது. பாரம் முழுக்க அந்த ஜாயின்ட்டில் ஆடியதால்தான் விரிசல் விட்டிருக்க வேண்டும். ரப்பரை மாற்றாவிட்டால் என் வெல்டும் அதே வழியில்தான் போகும். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து, பின்வாயை ஈரத்துணியால் பாதி அடைத்து, ஜாயின்ட்டில் சோப்புத் தண்ணீர் தடவினேன். கீழ்ப்பக்கம் ஒரு இடத்தில் நுரைத்தது. கழற்றி, தேய்த்து, ஒரு புள்ளி வைத்ததும் நின்றது. மேலே சூடு தாங்கும் அலுமினியம் பெயிண்ட்.

கரென்ட் விஷயம்: 15 ஆம்ப் பிளக்கில் ஓடியது, இந்த அளவில் எம்சிபி விழவில்லை. சாயங்காலம் வோல்டேஜ் இறங்கினால் ஆர்க் திணறுகிறது, பகலில் அடியுங்கள். 140 ஆம்ப் என்பதை நம்பி கேட் கம்பமெல்லாம் அடிக்கப் போகாதீர்கள். பிளேட்டில் டியூட்டி சைக்கிள் 60 சதவீதம் என்று போட்டிருக்கிறது, அதாவது பத்து நிமிடத்தில் ஆறு நிமிடம்தான் அடிக்கலாம். சைலன்சர் வேலைக்கு அந்த எல்லைக்குப் பக்கத்தில்கூடப் போகத் தேவையில்லை. வயர்ச் சுருளை வேலை முடிந்ததும் கழற்றிப் பிளாஸ்டிக் பையில் கட்டி வையுங்கள், சென்னைக் காற்றில் துரு ஏறும்.

ஒரே ஒரு சைலன்சருக்காக இதை வாங்குவது நஷ்டம். கழற்றிக் கையில் கொண்டுபோனால் ஆர்கான் கேஸ் வெல்டிங் வைத்திருக்கும் பட்டறையில் சில நூறு ரூபாயில் இதைவிடச் சுத்தமாக அடித்துக் கொடுப்பார்கள். வீட்டில் தகர வேலை அடிக்கடி வருகிறவர்கள், ராடு பழகினவர்கள் வாங்கலாம். ரோலர், கிளாம்ப், கையுறைக்குத் தனியாக ஆயிரம் ரூபாய் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். அப்பா நாலு கொடுக்கிறார், மொட்டைமாடித் தண்ணீர்த்தொட்டி மூடியை இதிலேயே அடிக்கச் சொல்லியிருக்கிறார்.